வெட்டுமுகத்தைப் பார்க்காமல் டெக் பலகை வாங்காதீர்கள்

அந்தச் சாம்பிள் துண்டு இன்னும் என் மேஜைமீதுதான் இருக்கிறது. ஒரு சாண் நீளம், தேக்கு நிறம், மேலே அசல் மரம்போலவே ரேகை. வெயிலில் வைத்தேன், தண்ணீரில் ஊறப்போட்டேன், ஒன்றுமே ஆகவில்லை. இதைக் கையில் கொடுத்துத்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுப் பின்புறத்துக்குக் கம்போசிட் டெக்கிங், அதாவது மரம்போல் தெரியும் திறந்தவெளித் தளப் பலகை, விற்றார்கள். அங்கே போட்ட தளமோ வெளுத்து, கறுப்புப் புள்ளி பூத்து, நடுவில் கூடாரம்போல் எழும்பி நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மீதுதான் கோபம் வருகிறது. அவர்கள்மீது வருகிற கோபம் தனி.

மரத்தளம் வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு என் சோம்பேறித்தனமே காரணம். மரம் என்றால் அவ்வப்போது எண்ணெய் பூச வேண்டும், கறையானுக்குப் பயப்பட வேண்டும், வெறுங்காலில் நடந்தால் சிலாம்பு குத்தும். கம்போசிட் என்றால் கழுவிவிட்டால் போதும் என்றார்கள். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சூட்டில் குழைத்து அச்சு வழியே பிதுக்கி எடுப்பதுதான் இந்தப் பலகை. ஏறத்தாழ பாதி மரம். இந்தப் "பாதி மரம்" என்ற இரண்டு சொற்களை அன்றைக்கே மண்டையில் ஏற்றியிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இருந்திருக்காது. மரத்தூள் இருக்கிற இடத்தில் தண்ணீர் புகுந்தால், மரத்துக்கு என்ன ஆகுமோ அதில் கொஞ்சம் இதற்கும் ஆகும்.

அதைத் தடுக்கத்தான் உறை. பழைய வகைப் பலகையில் கலவை அப்படியே வெளியே தெரியும். ஈரம் இழுக்கும், சீக்கிரம் வெளுக்கும், கறை பிடிக்கும். பிற்பாடு வந்த வகையில், உள்கலவையைச் சுற்றிக் கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்றையும் சேர்த்தே பிதுக்குகிறார்கள். சிலவற்றில் நான்கு பக்கமும் உறை இருக்கும். சிலவற்றில் மேற்பக்கத்திலும் இரு ஓரங்களிலும் மட்டும் இருக்கும், அடிப்பக்கம் திறந்தே கிடக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அறுத்த முனையைப் பார்த்தால்தான் வேறு நிறத்தில் மெல்லிய கோடாக உறை தெரியும். என் மேஜைமீதிருக்கும் துண்டில் அந்தக் கோடு நான்கு பக்கமும் சுற்றி வருகிறது, உள்ளே கெட்டி. எனக்கு வந்த பலகையில் கோடே கிடையாது. உள்ளே நான்கு பொந்து.

இதை ஏன் அன்றே பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். லாரி வந்தது இருட்டும் நேரத்தில். பலகைகள் பிளாஸ்டிக் தாளில் கட்டுக்கட்டாகச் சுற்றியிருந்தன. நிறம் சரியாக இருந்தது, எண்ணிக்கை சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன். மறுநாள் நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் பாதித் தளம் போட்டு முடித்திருந்தார்கள். விளிம்பெல்லாம் பட்டை வைத்து மறைத்துவிட்டதால் அறுத்த முனை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வேலை வெகு சுத்தம். பலகைக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் இறுக்கமாகச் செருகியிருந்தார்கள். நான் பாராட்டவும் செய்தேன். அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

முதல் மழைக்குத் தளத்திலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் வடிந்து சிமென்ட் தரையில் கறையாக நின்றது. விற்றவரைக் கூப்பிட்டேன். "முதல் மழைக்கு அப்படித்தான் சார், மரத்தின் சாறு இறங்குகிறது. நான்கு மழை போனால் நின்றுவிடும்" என்றார். அவர் சொன்னது உண்மை, அதுதான் வேடிக்கை. உறையில்லாத பலகையிலிருந்து அப்படிச் சாறு இறங்குவது வழக்கம்தான். நான்கு பக்கமும் உறை மூடிய பலகையில் அவ்வளவு சாறு வெளியே வர வழியே இல்லை. அதாவது, வேறு சரக்கைப் போட்டதை அவர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. நன்றி சொல்லி போனை வைத்தேன்.

பிறகு நிறம் வெளுத்தது. நிழல் விழும் மூலையில் பூஞ்சை புள்ளி புள்ளியாக வந்தது. தேய்த்தால் போகும், இரண்டு வாரத்தில் திரும்ப வரும். தளத்தில் நடந்தால் காலித் தொட்டிமீது நடப்பதுபோல் தொம்தொம் என்று கேட்கிறது என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். பொந்துகளின் முனையில் போட வேண்டிய மூடியைப் போடாததால் எறும்பு உள்ளே குடித்தனம் நடத்தியது தனிக்கதை.

இரண்டாவது கோடையில் ஒரு மதியம் வெடிச்சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டு பலகைகள் முனையோடு முனை முட்டி, சட்டத்தோடு பிடித்திருந்த கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு ஒரு விரற்கடை உயரம் எழும்பியிருந்தன. மரம் சூட்டில் நீளவாக்கில் நீள்வது மிகக் குறைவு. கம்போசிட் அப்படியல்ல, அதிலுள்ள பிளாஸ்டிக் சூடானால் நீளும். 5 மீட்டர் பலகை 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 5 அல்லது 6 மில்லிமீட்டர் நீளக்கூடும். நிழலில் குளிர்ந்து கிடப்பதற்கும் உச்சிவெயிலில் காய்வதற்கும் உள்ள வித்தியாசம் 30 டிகிரிக்கும் மேலேயே போகும், அதுவும் அடர்நிறப் பலகையில். அதனால்தான் முனையிலும் சுவரோரத்திலும் இத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று பொருத்தும் கையேட்டில் அட்டவணையே போட்டிருக்கிறார்கள். நான் பாராட்டிய இறுக்கம்தான் பலகையைத் தூக்கியது.

எழும்பிய பலகையைக் கழற்றியபோது அடியில் இன்னொரு கொடுமை தெரிந்தது. தாங்கு சட்டங்கள் 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாக இருந்தன. பொதுவாக 40 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. குறுக்குச்சாய்வாகப் பலகை போட்டால் இன்னும் நெருக்க வேண்டும். அவர்களுடைய மதிப்பீடு மற்றவர்களுடையதைவிட ஏன் அவ்வளவு குறைவு என்பது அப்போது விளங்கியது.

உத்தரவாதம் 25 ஆண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நம்பிப் போனேன். விற்றவர், உற்பத்தி நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார். பொருத்தியவர்கள் பலகைமீது பழி போட்டார்கள். நிறுவனத்திலிருந்து வந்தவர் முதலில் சன்னலைப் பார்த்து, வெப்பம் தடுக்கும் கண்ணாடியா என்று கேட்டார். அந்தக் கண்ணாடியில் பட்டு எதிரொளிக்கும் வெயில் ஒரே இடத்தில் குவிந்து பலகையை உருக்கிவிடக்கூடும், அதற்கு உத்தரவாதம் கிடையாதாம். என் வீட்டில் சாதாரணக் கண்ணாடிதான். பிறகு டேப்பை எடுத்துச் சட்டங்களின் இடைவெளியை அளந்தார். ஐந்து நிமிடத்தில் கதை முடிந்தது. கையேட்டின்படி பொருத்தவில்லையென்றால் உத்தரவாதம் செல்லாது. செல்லுபடியானாலும் பலகை மட்டும்தான் தருவார்கள், கழற்றி மாட்டும் கூலி நம் தலையில்; அந்தப் பலகையும் ஆண்டு ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும் விகிதத்தில்தான். இத்தனையும் அந்தத் தாளின் மறுபக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. கொட்டை எழுத்தோடு நான் நின்றுவிட்டேன்.

சாம்பிளை எடுத்து வந்து அவரிடம் நீட்டினேன். திருப்பி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "இது எங்கள் உயர்ந்த வரிசை சார். நீங்கள் மிதித்துக்கொண்டிருப்பது இதுவல்ல" என்றார். பில்லில் பார்த்தால் "கம்போசிட் பலகை, தேக்கு நிறம்" என்று மட்டுமே இருந்தது. வரிசைப் பெயரும் இல்லை, குறியீடும் இல்லை. பலகை சுற்றி வந்த பிளாஸ்டிக் தாளில் சைக்கிளை மூடி வைத்திருந்தேன். அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் வேறு குறியீடு. மூன்று ஆண்டாக என் சைக்கிள்மீதே இருந்த சாட்சி. விற்றவரிடம் அதைக் காட்டியபோது, அந்தச் சாம்பிளை ஒருமுறை தாருங்கள், சரிபார்க்கிறேன் என்று கை நீட்டினார். கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அந்தத் துண்டை நான் மறுபடி பார்த்திருக்கவே மாட்டேன்.

யாராவது இப்போது வாங்கப் போகிறீர்கள் என்றால், வரிசைப் பெயரும் குறியீடும் பில்லில் ஏறாமல் முன்பணம் தராதீர்கள். பகலில் இறக்கச் சொல்லுங்கள். ஒரு பலகையை உங்கள் கண்முன் அறுக்கச் சொல்லி, சாம்பிளின் முனையோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பொருத்தும் கையேட்டை வேலை தொடங்குமுன் நீங்களே வாங்கிப் படியுங்கள். பலகை மூடுவதற்கு முன் சட்டங்களைப் படம் எடுங்கள், அளவு நாடாவும் சேர்ந்து தெரிகிற மாதிரி. கடைசித் தவணையை அதன்பிறகுதான் கொடுக்க வேண்டும்.

நான் பாதித் தளத்தைக் கழற்றிவிட்டேன். அனுபவமுள்ள ஆசாரி ஒருவர் இடையில் சட்டங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று கடைகளிலிருந்து புதுச் சாம்பிள்கள் வாங்கி வந்து, சமையலறைத் தராசில் எடை பார்த்து, பேனாவால் எண் எழுதி வாளியில் ஊறப்போட்டிருக்கிறேன். இன்றோடு ஆறு நாள். இரண்டாம் எண் துண்டு எடை கூடிக்கொண்டே போகிறது. உறை சுற்றிய பலகை என்றுதான் அதையும் விற்கிறார்கள்.