திங்களும் வியாழனும்: 'கார்டியன் ஃபுட்பால் வீக்லி'யோடு பல வருட அனுபவம்

லண்டனிலிருந்து 'கார்டியன்' நாளிதழ் வெளியிடும் 'கார்டியன் ஃபுட்பால் வீக்லி' என்ற கால்பந்து பாட்காஸ்டை ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் நடத்திய காலத்திலிருந்தே கேட்டு வருகிறேன். சீசன் நடக்கும் மாதங்களில் திங்களும் வியாழனும் வரும். அங்கே திங்கள் மாலை என்றால் நமக்கு ராத்திரி. அதனால் எனக்கு அது செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகிற வழியில் கேட்கிற நிகழ்ச்சி. இந்த வருடங்களில் என் போன் மாறிவிட்டது, கேட்கும் ஆப் மாறிவிட்டது, தொகுப்பாளரே மாறிவிட்டார். கேட்பது மட்டும் நிற்கவில்லை. இதே பாணியில் வீரர்களையும் அணிகளையும் கலாய்க்கிற நிகழ்ச்சிகள் பலவற்றை ஆர்வமாக ஆரம்பித்துப் பாதியில் விட்டவன் நான். இது மட்டும் ஏன் தங்கியது என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

2006 ஜெர்மனி உலகக் கோப்பைக்காகத் தினமும் ஒன்றாக வந்த ஒலிப்பதிவில்தான் இதன் தொடக்கம். அப்போதிருந்தே ரிச்சர்ட்சன்தான் தொகுப்பாளர். அவர் வந்த வழியே சுவாரசியமானது. 1992-இல் இங்கிலாந்து வீரர் பால் காஸ்காயின் இத்தாலிய கிளப்பான லாசியோவுக்குப் போனதால் பிரிட்டனில் சேனல் 4 இத்தாலிய லீக்கை ஒளிபரப்ப ஆரம்பித்தது. வாராந்திர நிகழ்ச்சியைக் காஸ்காயினே நடத்துவதாக ஏற்பாடு. அவரை நம்பி நேரம் குறிக்க முடியவில்லை என்றதும் தயாரிப்பில் இருந்த ரிச்சர்ட்சன் கேமரா முன்னால் உட்கார்ந்தார். இத்தாலியில் ஏதாவது ஒரு காபிக் கடை மேஜை, கையில் ரோஸ் நிற விளையாட்டுப் பேப்பர், எதிரே ஒரு பெரிய ஐஸ்கிரீம். அவர் தலைப்புச் செய்திகளை மொழிபெயர்த்துச் சொல்லும் அந்தக் காட்சியை அந்தத் தலைமுறை ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த நிதானமும் சிலேடைப் பைத்தியமும் அப்படியே பாட்காஸ்டுக்கு வந்தன. 'ஏ.சி. ஜிம்போ' என்று செல்லப்பெயர். அவருடைய சிலேடைகளில் பாதி எனக்கு முதல் தடவை புரியாது. ரிவைண்ட் செய்து கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

2017-இல் அவர் விலகி வேறு பாட்காஸ்ட் ஆரம்பித்தார். மேக்ஸ் ரஷ்டன் வந்தார். ஸ்கை டிவியின் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியில் பல வருடம் இருந்தவர், கேம்பிரிட்ஜ் யுனைடெட் ரசிகர். முதல் சில வாரம் எனக்கு ஒட்டவில்லை. குரலில் வேகம் அதிகமாகத் தெரிந்தது. அப்புறம்தான் அவருக்கும், கூடவே பேசும் கார்டியன் பத்திரிகையாளர் பாரி கிளெண்டனிங்குக்கும் இடையே நடப்பது பிடிபட்டது. இன்று நான் இதைக் கேட்பதற்கு முதல் காரணமே அந்த ஜோடி.

அதைக் கொஞ்சம் கிட்டே போய்ச் சொல்கிறேன். மேக்ஸ் உற்சாகமாக ஒரு கேள்வியை நீட்டுவார். பாரி பக்கம் சத்தமே வராது. நம் நெட் போய்விட்டதோ என்று போனைப் பார்க்கத் தோன்றும். அப்புறம் ஒரு பெருமூச்சு. அதற்கப்புறம் ஐரிஷ் உச்சரிப்பில் நாலே நாலு வார்த்தை, கேள்வி தரைமட்டம். மேக்ஸ் அதற்குக் கோபப்பட மாட்டார். சிரித்துக்கொண்டே இன்னொரு பக்கத்திலிருந்து மறுபடி கேட்பார். இப்போது மேக்ஸ் இருப்பது ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில். குளிர்காலத்தில் லண்டனில் காலை ஒன்பது என்றால் அவருக்கு இரவு எட்டு. ஒருவருக்கு அப்போதுதான் விடிந்திருக்கிறது, இன்னொருவருக்கு நாளே முடியப்போகிறது. அந்த வித்தியாசம் குரலிலேயே தெரியும், பேச்சுக்கு அதுவும் ஒரு ருசி.

பாரி, சண்டர்லாண்ட் என்ற இங்கிலாந்து கிளப்பின் ரசிகர். நிகழ்ச்சியில் அடிக்கடி தலைகாட்டும் கால்பந்து எழுத்தாளர் ஜோனதன் வில்சனும் அதே கட்சி. 2017-இல் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது அந்த அணி. அடுத்த வருடமே இன்னொரு படி இறங்கி மூன்றாம் டிவிஷனுக்குப் போனது. அங்கே நாலு வருடம். 2022-இல் ஒரு படி ஏறி, 2025 மே மாதம் வெம்ப்ளியில் ஷெஃபீல்டு யுனைடெட்டை 2-1 என்று வென்று பிரீமியர் லீக்குக்குத் திரும்பியது. கடைசி நேரத்தில் வெற்றி கோலை அடித்தவர் டாம் வாட்சன் என்ற சின்னப் பையன். எட்டு வருடமும் பாரி மற்ற அணிகளை எவ்வளவு கடுமையாக ஓட்டினாரோ அவ்வளவு கடுமையாகத் தன் அணியையும் ஓட்டினார். மேக்ஸ் கதையும் அப்படித்தான். 2022 ஜனவரியில், சவுதி பணம் வந்து மூன்றே மாதமான பிரீமியர் லீக் அணி நியூகாசிலை அதன் சொந்த மைதானத்திலேயே எஃப்.ஏ. கோப்பையில் 1-0 என்று கேம்பிரிட்ஜ் யுனைடெட் வீழ்த்தியது. கோல் ஜோ அயர்ன்சைடு. மேக்ஸுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று விளக்கத் தேவையில்லை. 2025-இல் அதே கேம்பிரிட்ஜ் நான்காம் டிவிஷனுக்கு இறங்கியது.

இந்தப் பின்னணி இல்லாமல் இவர்கள் கலாய்ப்பதைக் கேட்டால் வெறும் நக்கலாகத் தெரியும். பின்னணியோடு கேட்டால், தோற்கிற அணிக்காக உட்கார்ந்து வயிறு எரிந்தவர்கள் பேசுகிறார்கள் என்று தெரியும். மைதானத்தில் ஒரு கோல்கீப்பர் பந்தைக் கோட்டை விட்டால் இவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் அந்த ஆள் எந்தச் சூழலில் ஆடுகிறார், பயிற்சியாளர் அவரிடம் எதை எதிர்பார்க்கிறார் என்பதும் அடுத்த வாக்கியத்திலேயே வந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு நிகழ்ச்சியையும் கொஞ்ச காலம் கேட்டேன். பெயர் வேண்டாம். ஒரே வீரரைப் பிடித்துக்கொண்டு வாராவாரம் அடிப்பது அவர்கள் வழக்கம். ஹாரி மக்வயர் அப்படி அகப்பட்டவர்களில் ஒருவர். 2019-இல் லெஸ்டரிலிருந்து 8 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியது. அன்று ஒரு தடுப்பாட்டக்காரருக்கு உலகிலேயே அதிக விலை அதுதான். விலையை நிர்ணயித்தது அவர் இல்லை, அடி மட்டும் அவருக்கு. கிண்டல் எவ்வளவு தூரம் போனது என்றால், 2022-இல் கானா நாடாளுமன்றத்தில் ஐசக் அடோங்கோ என்ற உறுப்பினர் நாட்டின் பொருளாதார நிர்வாகத்தை மக்வயரோடு ஒப்பிட்டுப் பேசினார். அடுத்த வருடம் மக்வயர் நன்றாக ஆடத் தொடங்கியதும் அதே உறுப்பினர் அதே சபையில் மன்னிப்புக் கேட்டார். மக்வயர் அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டு மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டுக்கு வரச் சொன்னார். 2025 ஏப்ரலில் பிரெஞ்சு அணி லியோனுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசியில் தலையால் முட்டி 5-4 என்று ஆக்கியதும் அவர்தான். அன்று ராத்திரி அந்த கோலைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அத்தனை வருடம் அவரை வைத்துப் பிழைத்த நிகழ்ச்சிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

கலாய்ப்பு யாரை நோக்கிப் போகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஃபுட்பால் வீக்லியில் பெரும்பாலும் அது மேல்நோக்கிப் போகும். கிளப் முதலாளிகள், லீக் நிர்வாகம், ஃபிஃபா. 2022 கத்தார் உலகக் கோப்பைக்கு முந்தின நாள் ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ தன்னைக் கத்தார்க்காரனாக, அரபியாக, புலம்பெயர்ந்த தொழிலாளியாக உணர்வதாகப் பேசி, சின்ன வயதில் செம்பட்டை முடிக்காகத் தன்னைப் பரிகசித்ததையும் சேர்த்துச் சொன்னாரே, அப்படிப்பட்ட ஆட்களைத்தான் இந்த வகை நிகழ்ச்சி துவைத்துக் காயப்போட வேண்டும்.

கீழ்நோக்கிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2011 ஜனவரியில் நடந்ததே போதும். ஸ்கையில் வேலை பார்த்த ஆண்டி கிரேயும் ரிச்சர்ட் கீஸும், ஒரு பெண்ணுக்கு ஆஃப்சைடு விதி எங்கே தெரியும் என்ற ரீதியில் மைக் மூடியிருப்பதாக நினைத்துப் பேசிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது உதவி நடுவர் சியான் மாசியை. அன்றைய உல்வ்ஸ்–லிவர்பூல் மேட்சில் அவர் எடுத்த சிக்கலான ஆஃப்சைடு முடிவு சரி என்று ரீப்ளேயில் தெரிந்தது. கிரேயை ஸ்கை வேலையிலிருந்து நீக்கியது, கீஸ் ராஜினாமா செய்தார். அடுத்த மாதமே டாக்ஸ்போர்ட் வானொலியில் சேர்ந்துவிட்டார்கள். என்னால் அதை இன்றும் ஏற்க முடியவில்லை. கார்டியன் குழுவே பெண்கள் கால்பந்துக்கென்று ஃபே கேருதர்ஸும் சூசி ராக்கும் பேசும் தனி பாட்காஸ்ட் நடத்துகிறது. அங்கேயும் சிரிப்புக்குக் குறைவில்லை. கேட்டுப் பாருங்கள்.

அங்கே இருப்பவர்களுக்கு இல்லாத, நம் ஊர்க்காரர்களுக்குக் கிடைக்கும் ஒரு வசதியைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை டிவியில் நேரலையாகக் காட்டக்கூடாது. கீழ் டிவிஷன் மைதானங்களில் கூட்டம் குறையக்கூடாது என்று 1960-களில் வந்த ஏற்பாடு. பர்ன்லி கிளப் தலைவர் பாப் லார்டு பிடிவாதமாக நின்று வாங்கியது. அதனால்தான் அங்கே வானொலிக்கும் இந்த அரட்டைக்கும் இவ்வளவு மவுசு. மூன்று மணி மேட்ச் நமக்குக் கோடையில் 7.30, குளிர்காலத்தில் 8.30; இங்கே சாவகாசமாக டிவியில் பார்க்கலாம். ஆக, லண்டனில் இருப்பவர்கள் ஹைலைட்ஸ் பார்த்துப் பேசும் மேட்சை நாம் முழுசாகப் பார்த்துவிட்டு அவர்கள் பேச்சைக் கேட்கிறோம். ஒரு கருத்தில் நான் பாரியோடு மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இந்த மாதிரி மேட்ச்களைப் பற்றித்தான்.

குறை என்று பார்த்தால், 80-களின் பிரிட்டிஷ் டிவி, அங்கத்திய பிஸ்கட், ஊர்ப் பெயர் உச்சரிப்பு என்று பேச்சு திரும்பும்போது நாம் வெளியே நிற்போம். பழைய எபிசோடுகளின் நகைச்சுவை தொடர்ந்து வரும் என்பதால் புதிதாக வருபவருக்கு முதல் சில வாரம் மண்டை காயும். கேட்பவர்கள் அனுப்பும் கடிதங்கள் கால்பந்தை விட்டு எங்கேயோ போய்விடும். எனக்கு அது பிடிக்கும், மேட்ச் அலசல் மட்டும் போதும் என்பவர்களுக்குப் பிடிக்காது. ஸ்பெயின் பற்றி மாட்ரிடிலிருந்து சிட் லோ பேசும் பகுதியை மட்டும் யாரும் தவறவிடாதீர்கள். வேல்ஸ் ஆடும் வாரங்களில் அந்த ஊர் நகைச்சுவைக் கலைஞர் எலிஸ் ஜேம்ஸ் வந்தால் தனி குஷி. 1958-க்கு அப்புறம் 2022-இல்தான் உலகக் கோப்பைக்குப் போன நாடு அது. அந்த மகிழ்ச்சி அவர் பேச்சில் இன்னும் வடியவில்லை.

இன்னும் கடுமையான நையாண்டி வேண்டுமென்றால் பிபிசி ஸ்காட்லாந்து வானொலிக்காக ஸ்டூவர்ட் காஸ்க்ரோவும் டாம் கவனும் 1990-களிலிருந்து நடத்திய 'ஆஃப் தி பால்' நிகழ்ச்சியைத் தேடிக் கேளுங்கள். ஒருவர் செயின்ட் ஜான்ஸ்டன் ரசிகர், மற்றவர் மதர்வெல் ரசிகர். செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு பெரிய கிளப்புகளையும் தவிர ஸ்காட்லாந்தில் கால்பந்து இருக்கிறது என்பதை அவர்கள் சத்தம் போட்டுச் சொன்னார்கள். உச்சரிப்பு பழக நேரம் எடுக்கும்.

ஃபுட்பால் வீக்லியை முதல் தடவை கேட்பவர்கள் சீசன் நடுவில் நுழைய வேண்டாம். உலகக் கோப்பையோ யூரோவோ நடக்கும்போது ஆரம்பியுங்கள். எல்லா அணியும் நமக்குத் தெரிந்த அணி, நேற்று ராத்திரி பார்த்த மேட்ச், தினமும் ஒரு எபிசோட். இரண்டு வாரத்தில் பாரியின் பெருமூச்சு எது, வெறும் மூச்சு எது என்று பிரித்துத் தெரிந்துவிடும்.