மரை போன டிரெயின் போல்ட்: பெரிய போல்ட்டா, ஹெலிகாயிலா?

வீட்டில் பைக்குக்கு ஆயில் மாற்றிவிட்டு ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டை இறுக்குகிறோம். கெட்டியாகப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஸ்பேனர் சும்மா சுற்றுகிறது. எனக்கு அப்படி ஆனபோது போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். அதன் மரைக்குள் வெள்ளிக் கம்பிபோல அலுமினியம் சுருண்டு கிடந்தது. போல்ட் இரும்பு, இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். போனது இன்ஜின் பக்கத்து மரை. அதே சைஸில் புது போல்ட் வாங்கிப் போட்டாலும் பிடிக்காது.

டெஃப்லான் டேப் சுற்றச் சொல்வார்கள். வேண்டாம். இங்கே ஆயிலை நிறுத்துவது வாஷர். அதை அழுத்திப் பிடிக்கும் பலம் மரையிலிருந்து வர வேண்டும். டேப் அதைத் தராது.

தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் பெரிய சைஸ் போல்ட் மலிவு, பத்து நிமிட வேலை. ஆனால் கொஞ்சம் கோணலாக ஏறினாலும் வாஷர் ஒரு பக்கம்தான் உட்காரும், சொட்டு நிற்காது. ஓட்டையைச் சுற்றிச் சுவர் மெலிதாக இருந்தால் விரிசல் விடும் பயமும் உண்டு. ஊர் போய்ச் சேர வேண்டிய அவசரம் என்றால் சரி.

என் ஓட்டு ஹெலிகாயிலுக்கு. ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, ஹெலிகாயில் கிட்டிலேயே வரும் டேப்பால் (இது சுற்றும் டேப் அல்ல, மரை வெட்டும் கருவி) புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச் சுருளை உள்ளே ஏற்றுகிறோம். பழைய போல்ட்டே திரும்பப் பொருந்தும். அதைவிட முக்கியம், இனி ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் போல்ட் உரசுவது ஸ்டீல் மரையில். வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் பூசினால் அலுமினியத் தூள் அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். சுருள் விளிம்புக்கு அரைச் சுற்றாவது உள்ளே இறங்கி நிற்கட்டும், இல்லாவிட்டால் வாஷர் உட்காராது. சுருளின் அடியில் இருக்கும் சின்ன நாக்கை உடைத்ததும் மறக்காமல் வெளியே எடுங்கள். இன்ஜினுக்குள் தங்கக் கூடாது. பிறகு கொஞ்சம் மலிவான ஆயிலை ஊற்றி வடித்துவிடுங்கள், மிச்சத் தூளும் போய்விடும்.

ஓட்டையைச் சுற்றியே உடைந்திருந்தால் ஆர்கான் வெல்டிங்தான். அது பட்டறை வேலை.

எதைச் செய்தாலும் புது வாஷர் போடுங்கள். போல்ட்டை முதல் நாலு சுற்று விரலாலேயே ஏற்றுங்கள். அப்புறம் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்), மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும்.