வினை தெரியும், அதன் பின்னால் வருவது தெரியாது: ஆன்கியுடன் இரண்டு ஆண்டுகள்

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு ஆங்கில வினைச்சொற்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அப்டேட், அட்டாச், ஃபார்வர்டு, ரிமைண்ட் என்று எதை எடுத்தாலும் கூடவே ஒரு ‘பண்ணு’ சேர்த்து நாள் முழுக்கப் பேசுகிறோம். அந்தப் ‘பண்ணு’வே வாக்கியத்தின் சுமையைத் தாங்கிவிடுவதால், ஆங்கில வாக்கியத்தில் அந்த வினைக்குப் பின்னால் என்ன வரும், என்ன வராது என்று கவனிக்கும் தேவையே நமக்கு எழுவதில்லை. எனக்கு இது உறைத்தது ஒரு மின்னஞ்சலால். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு, அவருடைய சர்வரில் செய்த மாற்றங்களை விவரித்துவிட்டு, பதில் எழுதுங்கள் என்ற பொருளில் ‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று முடித்திருந்தேன். எந்த மாற்றத்தை நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் கேட்டு எழுதினார். அவருக்குத் தெரிந்த ‘ரிவர்ட்’ அதுதான்.

அந்த வாரமே ஆன்கி செயலியில் படிக்கத் தொடங்கினேன். டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட இச்செயலியின் பெயருக்கு ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள். முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையுமாக இருக்கும் அட்டைகளை அது திரையில் காட்டும். நினைவில் நின்ற அட்டை நாள் தள்ளித் திரும்ப வரும். மறந்த அட்டை உடனே வரும்.

முதல் மூன்று மாதங்கள் வீணாயின. யாரோ தயாரித்த தொகுப்பை இறக்கிக்கொண்டேன். முன்பக்கம் ஆங்கில வினை, பின்பக்கம் தமிழ்ப் பொருள். எல்லாவற்றுக்கும் சரியான விடை சொல்லிவிட்டு, அலுவலகத்தில் அதே பிழைகளை எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு, என் மின்னஞ்சல்களில் இருந்தே வாக்கியங்களை எடுத்து, வினையை அப்படியே விட்டு அதற்கு அடுத்த இடத்தை மட்டும் கோடிட்ட இடமாக்கினேன். உண்மையான படிப்பு அங்குதான் தொடங்கியது.

நம் ‘கு’ உருபு எவ்வளவு இடறவைக்கிறது என்பதை இந்த அட்டைகள்தாம் காட்டின. ‘எனக்கு விளக்குங்கள்’ என்பதை ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்று எழுதிவந்தேன். அங்கே ‘டு’ வேண்டும். ‘அவருக்குத் தெரிவித்தேன்’ என்பதை ‘இன்ஃபார்ம் டு ஹிம்’ என்று எழுதிவந்தேன். அங்கே ‘டு’ கூடாது. தமிழில் ஒரே உருபு பெறும் இரண்டும் ஆங்கிலத்தில் எதிரெதிர்த் திசையில் போகின்றன. ‘டிஸ்கஸ்’ அட்டையில் கோடிட்ட இடத்துக்கு விடை ஒன்றுமில்லை. ‘அபவுட்’ போடாமல் கடந்துபோகக் கை பழக ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின.

‘பேக் அப்’, ‘ஷட் டவுன்’, ‘செட் அப்’ போன்ற இரட்டைச் சொல் வினைகளில், கோப்பின் பெயர் நடுவிலும் வரலாம், இறுதியிலும் வரலாம். ஆனால் ‘இட்’ வந்தால் ‘பேக் இட் அப்’ என்று நடுவில்தான் வர வேண்டும். அட்டைகளில் ஒலிப்பதிவைச் சேர்த்த பிறகே, பெயர்ச்சொல்லாகும்போது அழுத்தம் ‘பேக்’ மீதும் வினையாகும்போது ‘அப்’ மீதும் விழுவதைக் கேட்டு உணர்ந்தேன். ‘ஹேங் அப்’ அட்டையில், பேசி முடித்தபின் ரிசீவரைக் கொக்கியில் மாட்டும் பழைய சுவர்த் தொலைபேசியின் படம் இருக்கிறது. அச்சொல் எனக்கு ஒருமுறைகூட மறந்ததில்லை.

குறைகளும் உண்டு. ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைப்பதற்கு ஐபோனில் கணிசமான கட்டணம் செலுத்த வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஆறு நாள் திறக்காமல் விட்டதில் முந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் குவிந்தன. எந்த அட்டை எப்போது திரும்ப வர வேண்டும் என்று கணிக்க 2023இல் வந்த புதிய முறைக்கு மாறிய பிறகு அன்றாடச் சுமை ஓரளவு குறைந்திருக்கிறது. எழுத்தில் என் பிழைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. தொலைபேசியில் மட்டும், அழைப்பு துண்டித்துப்போய் மீண்டும் இணையும் நொடியில், ‘வி காட் கட் ஆஃப்’ என்பதற்கு முன்னால் ‘கால் கட் ஆகிவிட்டது’ என்பதே இன்னும் வாய்க்கு வருகிறது. அந்த அட்டையை நாள்தோறும் வரும்படி வைத்து, உரக்கச் சொல்லிய பிறகே விடையைத் திறக்கிறேன்.