ஸ்கேன் எடுத்துச் செய்த சிலிக்கன் காது: பாவித்தவன் சொல்வது

மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது காதுமடல் போனவன் நான். மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் படிப்பிக்கிறேன். முதலில் போட்டது கையால் செய்த சிலிக்கன் காது. பிறகு வந்தவை ஸ்கேன் எடுத்துச் செய்தவை. இரண்டையும் வருடக்கணக்கில் பாவித்தாயிற்று.

கைவேலைக் காதுக்கு அல்ஜினேட் என்ற அச்சுக் களிம்பில் அச்செடுத்து, இடது காதைப் பார்த்துப் பார்த்து மெழுகில் செதுக்கினார்கள். செதுக்கியவர் கெட்டிக்காரர்தான், ஆனால் ஒரு காதை இடம்வலம் மாற்றி மனதில் பிடித்துச் செய்வது லேசுப்பட்ட வேலையில்லை. "சேர், இந்தப் பக்கம் கொஞ்சம் விரிஞ்சு நிக்குது" என்று சலூன்காரத் தம்பி பார்த்த உடனே பிடித்துவிட்டான்.

ஸ்கேனில் அந்தச் சிக்கல் இல்லை. கையில் பிடிக்கும் ஸ்கேனரால் இரு பக்கத்தையும் எடுத்து, நல்ல காதைக் கொம்பியூட்டரில் புரட்டித் தழும்பின் மேல் பொருத்துகிறார்கள். தலைமுடிதான் ஸ்கேனருக்கு எமன். ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள். பலர் நினைப்பதுபோல எனக்கு முப்பரிமாணப் பிரிண்டரிலிருந்து காது வரவில்லை. வந்தது ரெசின் என்ற பிளாஸ்டிக்கில் செய்த அச்சு. அதற்குள்தான் சிலிக்கனை அடைத்து இறுக வைத்தார்கள். அச்சை நன்றாகக் கழுவிப் புற ஊதா வெளிச்சத்தில் வைக்காவிட்டால் சில வகைச் சிலிக்கன் இறுகாமல் பிசுபிசுக்கும். ரெசின் அடுக்குகளைத் தேய்த்து மட்டமாக்காவிட்டால் அந்த வரிகளும் கைரேகை மாதிரி அப்படியே விழும். என் காதொன்றின் பின்புறத்தில் அவை நகத்தில் தட்டுப்படும்.

நிறத்தில் கொம்பியூட்டர் கையை விரித்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் இருத்தி, என் கன்னத்தோடு வைத்து வைத்துத்தான் சாயம் கலந்தார்கள். நரம்பு தெரிய மெல்லிய சிவப்பு நூல்தூளும் சேர்த்தார்கள். வெயிலில் முதலில் போவதும் அந்த நிறம்தான். சிலிக்கன் காதுக்குப் பொதுவாக 1 முதல் 2 வருட ஆயுள் சொல்வார்கள். வயல், கடல் வேலை என்றால் அதையும் நம்பவேண்டாம்.

அதனால்தான் எனக்கு ஸ்கேனின் பெரிய லாபம் காதின் வடிவத்தைச் சேமித்து வைக்கும் அந்த எஸ்.டி.எல் கோப்பு. நிறம் வெளிறியதும் மறுபடி அச்செடுக்கப் போய்ப் படுக்க வேண்டியதில்லை. தழும்பு சுருங்கியிருந்தால் அந்த ஓரத்தை மட்டும் திருத்தினால் போதும். ஒரு பிரதியைப் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். எந்தச் சாயம் எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள், அது கோப்பில் இராது. எனக்குச் செய்த இடத்தில் குறித்து வைக்கவில்லை. அடுத்த காது கழுத்தைவிட வெளுப்பாக வந்தது.

எப்படிச் செய்தாலும் மாறாத தொல்லை, காதைத் தோலில் ஒட்டும் பசை. கச்சான் என்ற வெக்கைக் காற்று அடிக்கும் மாதங்களில் இடைவேளை மணி அடிக்குமுன் பின் ஓரம் கிளம்பிவிடும். ஹெல்மெட் போடுமுன் காதைக் கழற்றி டப்பாவில் வைப்பேன், இல்லாவிட்டால் மெல்லிய விளிம்பு கிழியும். இரவில் கழற்றி, மென்மையான சோப்பில் கழுவித் தோலுக்குக் காற்றுப்பட விடவேண்டும்.

பசை வேண்டாமென்றால் எலும்பில் டைட்டேனியம் பதித்துக் காந்தத்தில் மாட்டலாம். சுவீடனில் 1970களின் கடைசியிலேயே தொடங்கிய முறை. ஆனால் அதைச் சுற்றியுள்ள தோலைத் தினமும் துப்புரவாக்க வேண்டும். நம் புழுக்கத்துக்கு அது தாக்குப்பிடிக்குமா என்பதுதான் என் தயக்கம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யாராவது போட்டிருந்தால் சொல்லுங்கள்.