அறுபதாம் கல்யாணத்துக்குத் தலை கறுப்பாக வேண்டுமா? டை, மருதாணி-அவுரி, நரை: ஓர் ஒப்பீடு

திருக்கடையூர்க் கோயிலில் முகூர்த்த நாளில் போய் நின்றால் மாலையும் கழுத்துமாக அறுபது வயதுத் தம்பதிகளைத்தான் எங்கும் பார்க்கலாம். ஆண்களில் பலருக்குத் தலை கன்னங்கரேல் என்றிருக்கும், மீசை அதைவிடக் கறுப்பு. எமனை உதைத்து மார்க்கண்டேயனை என்றும் பதினாறாக நிறுத்திய சாமியின் முன்னால் கொஞ்சம் இளமையாக நிற்க ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் அந்த ஆசை இருந்தது.

என் வீட்டுக்காரர் விசுவாவசு வருஷத்தில் பிறந்தவர். அறுபது வருஷம் சுற்றி அதே விசுவாவசு வந்தது. இந்தத் தை மாதம் சஷ்டியப்தபூர்த்தி. அதற்கு மூன்று மாதம் முன்பே தலைமுடிப் பேச்சு எங்கள் வீட்டில் தொடங்கிவிட்டது. அவர் சலூன் டை, நான் மருதாணியும் அவுரியும், என் அக்கா எதுவும் வேண்டாம் என்ற நரை. மூன்றையும் கிட்டத்தில் இருந்து பார்த்ததால் எழுதுகிறேன்.

முதலில் டை. இதற்கு இருக்கும் ஒரே பெரிய பலம் நேரம். அரை மணி, முக்கால் மணியில் வேலை முடிந்துவிடும். நரை நன்றாக மூடும், பல தலைக்குளியல் தாங்கும். அம்மோனியா முடியின் மேல்செதிலைத் திறக்கிறது. பெராக்சைடு உள்ளே போய்ச் சாயப்பொருளோடு வினைபுரிந்து அங்கேயே நிறத்தை உண்டாக்குகிறது. அதனால்தான் அது கழுவிப் போவதில்லை. 1907-ல் பிரான்சில் யூஜின் ஷூலர் என்ற வேதியியலாளர் செயற்கைத் தலைச்சாயம் செய்து விற்கத் தொடங்கினார். பின்னால் லோரியால் ஆன கம்பெனி அப்படித்தான் பிறந்தது. நூறு வருஷம் தாண்டியும் கறுப்பு நிறத்துக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது பிபிடி என்கிற பாரா-ஃபினைலின்டையமின்தான்.

பிரச்சினையும் அதில்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பத்து வருஷமாக டை அடித்தவர், ஒரு நாளும் அரித்ததில்லை. ஐப்பசியில் ஒரு சலூனில் தலைக்கும் மீசைக்கும் சேர்த்து அடித்துக்கொண்டு வந்தார். மறுநாள் காதோரம் அரிப்பு. அதற்கு மறுநாள் காலை கண் இமை இரண்டும் வீங்கி, கண்ணைத் திறக்க முடியவில்லை. மேலுதட்டில் நீர்க்கொப்புளம். நான் பயந்துபோனேன். தோல் டாக்டர் பார்த்தவுடனே டையா என்றுதான் கேட்டார். எத்தனை வருஷம் பழகியிருந்தாலும் ஒரு நாள் உடம்பு திடீரென்று ஏற்க மறுக்கலாம், ஒரு தடவை மறுத்துவிட்டால் அந்த ஒவ்வாமை பொதுவாக ஆயுசுக்கும் போகாது என்றார். அடுத்த முறை இதைவிடக் கடுமையாகவும் வரலாமாம்.

"இத்தனை வருஷம் ஒத்துக்கிச்சே" என்பது பாதுகாப்பு இல்லை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. டை அடிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ துளி தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. யார் பார்க்கிறோம்? சலூனில் கேட்டால்தானே சொல்லுவார்கள்.

"அம்மோனியா இல்லை" என்ற வரியை நம்பி நிம்மதி அடையாதீர்கள். அம்மோனியா இல்லாத டையிலும் பிபிடி இருக்கலாம். பொட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் "கறுப்பு மெஹந்தி" பாக்கெட் இன்னும் மோசமான ஏமாற்று. என் நாத்தனார் அதை மருதாணி என்று நம்பித்தான் வருஷக்கணக்காகப் பூசிவந்தார். மருதாணி ஒரு நாளும் கறுக்காது, வெள்ளை முடியைச் செம்பட்டையாகத்தான் ஆக்கும். மருதாணி என்று சொல்லிக்கொண்டு ஒரு பொடி அரை மணியில் கறுப்பைத் தந்தால், கறுப்பைத் தருவது மருதாணி இல்லை. பாக்கெட்டின் பின்பக்கம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் பெரும்பாலும் பிபிடி பெயர் இருக்கும்.

அப்புறம் நான் எடுத்த வழி. மருதாணியில் உள்ள லாசோன் என்ற சாயம் முடியின் புரதத்தோடு ஒட்டிச் செந்நிறம் தரும். அதன்மேல் அவுரி இலைப் பொடி நீலம் தரும். சிவப்பின் மேல் நீலம் ஏறினால் கறுப்பு. அவுரி வேறு எதுவும் இல்லை, பழைய நீலச் சாயத் துணிகளின் அதே செடிதான். நாட்டு மருந்துக் கடையில் அவுரி என்றோ நீலி என்றோ கேட்டு வாங்கலாம்.

வேலை அதிகம், அதை மறைக்க மாட்டேன். முதல் நாள் இரவே மருதாணிப் பொடியை டீ டிகாஷனில், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு ஊறவைக்க வேண்டும். மறுநாள் பூசி இரண்டு மூன்று மணி நேரம். அலசியபின் அவுரியை வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்டிகை உப்போடு குழைக்க வேண்டும். இதற்கு எலுமிச்சை கூடாது, இரவெல்லாம் ஊறவும் கூடாது. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தலைக்கு ஏறிவிட வேண்டும், ஆறப்போட்டால் வீரியம் போய்விடும். இன்னும் ஒன்றரை மணி நேரம். ஆகமொத்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. சளி பிடிக்கும் உடம்பென்றால் மார்கழிக் குளிரில் செய்யாதீர்கள், நல்ல வெயில் நாளாகப் பாருங்கள்.

முதல் தடவை அலசிவிட்டுக் கண்ணாடி பார்த்தபோது முடி பச்சைச் சாயலாக இருந்தது. அழுகையே வந்துவிட்டது. பயப்படத் தேவையில்லை. அவுரி காற்றுப் பட்டுத்தான் கறுக்கும், இரண்டு நாள் ஆகும். அதுவரை ஷாம்பு, சீயக்காய் எதுவும் கூடாது. கடைசியில் வந்த நிறம் டையின் ஒரே கரிக்கறுப்பு இல்லை. உள்ளே லேசாகச் செம்மை தெரிகிற பழுப்புக் கறுப்பு. அம்பத்தெட்டு வயது முகத்துக்கு அதுதான் பொருந்துகிறது என்பது என் முடிவான அபிப்பிராயம். சுருக்கம் விழுந்த நெற்றிக்கு மேலே தார் ஊற்றினதுபோல் கறுப்பு இருந்தால் பார்ப்பவர் கண் முடிக்குத்தான் போகும், முகத்துக்கு வராது.

விசேஷத்துக்குத் தயாராகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அறுபதாம் கல்யாணத்தில் கலச நீரைத் தலையில் ஊற்றுவார்கள். புதிதாக ஏற்றிய அவுரியும் சரி, பொடி டையும் சரி, முதல் ஓரிரு குளியலில் சாயம் விடும். முந்தின நாள் பூசிக்கொண்டு போனால் புதுப் புடவை, வேட்டியெல்லாம் கறை. நான் ஒரு வாரம் முன்னால் போட்டு, இரண்டு முறை தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன்.

மூன்று வாரத்தில் வகிட்டில் வெள்ளைக் கோடு தெரிவது டை, அவுரி இரண்டுக்கும் பொதுதான். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறதே.

கரிசலாங்கண்ணித் தைலம் நரையைக் கறுப்பாக்குமா என்று கேட்பவர்களுக்கு: நம் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் மண்டிக்கிடக்கிற நல்ல மூலிகைதான், நானும் தேய்க்கிறேன். ஆனால் தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாதது, அதில் எண்ணெயால் நிறம் திரும்பாது. இள வயதிலேயே சீக்கிரம் நரைத்தால் பி12, தைராய்டு பார்த்துக்கொள்வது உபயோகமாக இருக்கும்.

இனி நரை. செலவில்லை, அரிப்பில்லை. என் வீட்டுக்காரர் டையை விட்டு, இரண்டு மூன்று முறை முடி வெட்டியதும் முழு வெள்ளையாகிவிட்டார். மீசையையும் எடுத்துவிட்டார். மாலை போட்டு நின்றபோது அவ்வளவு அழகாக இருந்தார். அவர் வயதுக்காரர்களுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்லுவேன்.

பெண்களுக்கு இது அத்தனை சுலபமில்லை. நீள முடியில் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு வருஷத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஆணைப் பார்த்து "கம்பீரமா இருக்கு" என்கிற அதே வாய் பெண்ணைப் பார்த்து "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கும். என் அக்காவின் நரை அவள் தேர்ந்தெடுத்ததே இல்லை. மன்னார்குடியில் இருக்கிறாள். நாலு வருஷம் முன்னால் அத்திம்பேர் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் "இனிமே யாருக்காக மை?" என்று யாரோ சொன்னார்களாம். அன்றோடு நிறுத்திவிட்டாள். எங்கள் விசேஷத்திலும் படம் எடுக்கும்போதெல்லாம் பின்வரிசைக்குப் போய் நின்றாள். நரையை விரும்பி வைத்துக்கொண்டால் அழகுதான். ஊர் வாய்க்குப் பயந்து வைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை, அன்றும் அவளிடம் சொன்னேன்.

போன வாரம் போன் பண்ணினாள். சுற்றி வளைத்து என்னென்னவோ பேசிவிட்டு, "ஏண்டி, அந்த அவுரிப் பொடி மிச்சம் இருக்கா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறாள். சனிக்கிழமை ராத்திரியே மருதாணியை ஊறவைக்க வேண்டும். அதற்கு முன்னால், வியாழக்கிழமையே முழங்கை மடிப்பில் தடவிப் பார்க்கச் சொல்லி ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.