பத்து வயது லேப்டாப்: ரேமுக்கும் விண்டோஸுக்கும் முன்னால் பேட்டரியைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதிலிருந்து பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கமெல்லாம் ஒரே கேள்விதான்: 2014, 2015-இல் வாங்கிய லேப்டாப்பைக் கழித்துவிடுவதா, தேற்றி ஓட்டுவதா?

வழிகள் மூன்று. ரேமைக் கூட்டி, விண்டோஸ் 11-ஐ எப்படியாவது ஏற்றிவிடுவது ஒன்று. ரேம், எஸ்எஸ்டி (சுழலும் டிஸ்க் இல்லாத சேமிப்பகம்), புது பேட்டரி மூன்றும் போட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறுவது இன்னொன்று. பழையதை விட்டுவிட்டு, கம்பெனிகள் கழித்த, இன்டெல் 8-ஆம் தலைமுறை ப்ராசஸருள்ள லேப்டாப்பை செகண்ட் ஹேண்டில் வாங்குவது மூன்றாவது. நான் தேர்ந்தது இரண்டாவது வழி. கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன், ஒரே நிபந்தனையோடு: அந்த மாடலுக்கு நல்ல பேட்டரி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கணக்கு மொத்தமும் மாறிவிடும். இன்டெல் 3 முதல் 7-ஆம் தலைமுறை வரை உள்ள மாடல்களை வைத்தே இதைச் சொல்கிறேன். ஏஎம்டி மாடல்களுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் பற்றி வாதமே இல்லை. எந்த வழியில் தேற்றினாலும் 2.5 இன்ச், 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டே ஆக வேண்டும். 240 அல்லது 256 ஜிபி போதும். சுழலும் டிஸ்க்கை வைத்துக்கொண்டு ரேமை 16 ஜிபி ஆக்கினாலும் காத்திருப்பு தீராது.

ரேமில் பலரும் தவறுவது வோல்டேஜில். 4-ஆம் தலைமுறை லேப்டாப்புகள் பெரும்பாலும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வகை ரேமை மட்டுமே ஏற்கும். வடிவத்தில் அச்சு அசலாக இருக்கும் 1.5 வோல்ட் டிடிஆர்3-ஐச் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும், அல்லது பீப் ஒலி வரும். இரண்டுக்கும் 204 பின்கள் என்பதால் ஸ்லாட்டில் நன்றாகவே உட்காரும், அதுதான் ஏமாற்றும். ரேம் வில்லையின் லேபிளில் பிசி3எல் என்று 'எல்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 6-ஆம் தலைமுறையில் சில மாடல்கள் டிடிஆர்3எல், சில டிடிஆர்4. டிடிஆர்4 260 பின் கொண்டது, மாற்றிச் செருகவே முடியாது. மெல்லிய மாடல்களில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், அதனால் கடைக்குப் போகுமுன் பின்மூடியைத் திறந்து ஸ்லாட்டை எண்ணிவிடுவது நல்லது. மின்ட்டுக்கு 8 ஜிபி தாராளம். 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறிக்கிடக்கிறது. கழித்த லேப்டாப்பிலிருந்து எடுத்த டிடிஆர்3எல் வில்லையே போதும், புதிதுதான் வேண்டுமென்பதில்லை. பழைய வில்லையின் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்துத் தூசியைத் தட்டிவிட்டுச் செருகுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் அந்த முனைகளில் படியும் படலம்தான் "ரேம் போயிடுச்சு" என்று வரும் பல லேப்டாப்புகளின் உண்மையான நோய்.

இனி விண்டோஸ் 11. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட், 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர் என்பது அதன் நிபந்தனை. ரூஃபஸ் என்ற இலவசக் கருவியால் பென் டிரைவ் தயாரிக்கும்போதே இந்தச் சோதனைகளை நீக்கிவிடலாம். ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய புதுப்பிப்பு தானாக வந்து சேராது. ஒவ்வொரு முறையும் பென் டிரைவ் செய்து கையால் ஏற்ற வேண்டும். வீட்டில் அதைச் செய்யத் தெரிந்த ஒருவர் இருந்தால் சரி, இல்லாவிட்டால் இரண்டே ஆண்டில் விண்டோஸ் 10 நின்ற இடத்தில்தான் இதுவும் வந்து நிற்கும். உடனே முடிவெடுக்க வேண்டாம் என்பவர்கள் விண்டோஸ் 10-லேயே நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பில் சேரலாம். வீட்டுப் பயனர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள்.

மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை புதுப்பிப்பு உண்டு. அதற்குப் பைசா செலவில்லை, ப்ராசஸர் தலைமுறையும் கேட்காது. எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பதிப்பை எடுத்தால் பழைய ஐ3-க்கும் சுமை தெரியாது. எல்லையின் இந்தக் கேரளப் பக்கத்தில் இதற்கு இன்னொரு பலமும் உண்டு. கேரளப் பள்ளிகளில் மாநில அரசின் கைட் நிறுவனம் தரும் உபுண்டு அடிப்படையிலான லினக்ஸில்தான் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறார்கள். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு மின்ட்டின் மெனுவைக் காட்டித்தர வேண்டியதில்லை. பொள்ளாச்சி, கோவையில் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

மின்ட் ஒத்துவராத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். டேலியில் கணக்கு எழுதுபவர்கள், பாமினி எழுத்துருவில் பேஜ்மேக்கரில் அழைப்பிதழ் அடிப்பவர்கள், அக்ஷயா மையத்திலோ இ-சேவை மையத்திலோ கைரேகைக் கருவியோடு வேலை செய்பவர்கள் விண்டோஸிலேயே இருங்கள். கடைக்குக் கடை இருக்கும் கேனான் எல்பிபி2900 பிரிண்டரை மின்ட்டில் பேச வைப்பதும் எளிதல்ல. சில லேப்டாப்புகளில் பிராட்காம் வைஃபை மின்ட்டில் முதல் நாள் வேலை செய்யாது. போனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, டிரைவர் மேனேஜரில் ஒரு டிக் போட்டால் சரியாகிவிடும்.

இப்போது பேட்டரி. ரேமும் சிஸ்டமும் எப்போது மாற்றினாலும் ஒன்றுதான், அவற்றுக்கு வயதாவதில்லை. பேட்டரிக்கோ டப்பாவுக்குள் தூங்கும்போதும் வயது ஏறிக்கொண்டே இருக்கும். லித்தியம் அயான் செல்லைத் தின்பவை இரண்டு: வெப்பமும் முழுச் சார்ஜும். 40 டிகிரியில் 100 சதவீதச் சார்ஜோடு ஓராண்டு கிடக்கும் செல், கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரலில் 40-ஐத் தொடுவது புதிதா என்ன? எந்நேரமும் சார்ஜரில் செருகியபடி மெத்தைமேல் வைத்து ஓட்டும் லேப்டாப்பின் பேட்டரி இங்கே இரண்டு கோடை தாண்டுவதே பெரிது.

அதனால் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தயாரிப்புத் தேதி. பழைய மாடலுக்கு "ஒரிஜினல், சீல் பிரிக்காதது" என்று தருவது நாலு வருடம் அலமாரியில் கிடந்த சரக்காக இருக்கலாம். அப்படிக் கிடந்ததில் செல் வோல்டேஜ் 2.5-க்குக் கீழே இறங்கியிருந்தால், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் பூட்டிக்கொள்ளும். "ப்ளக்ட் இன், நாட் சார்ஜிங்" என்று காட்டியபடியே நிற்கும். நாலு வருடத்து ஒரிஜினலைவிட ஆறு மாதத்து நல்ல கம்பேட்டிபிள் (வேறு நிறுவனம் செய்த, பொருந்தும் பேட்டரி) மேல். ஆனால் டி430, எக்ஸ்230 காலத்து லெனோவா திங்க்பேட்கள் தன் நிறுவனத்துப் பேட்டரி அல்லாததைச் சார்ஜே ஏற்றாது, அங்கே கம்பேட்டிபிள் பேச்சுக்கு இடமில்லை.

அடுத்தது வாட்-ஹவர், அதாவது பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு. லேபிளில் உள்ள வோல்ட்டையும் எம்ஏஎச்சையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. டெல் இன்ஸ்பிரான் 3558-க்கான எம்5ஒய்1கே பேட்டரி 14.8 வோல்ட், 40 வாட்-ஹவர். அதே பெயரில் 2200 எம்ஏஎச் கம்பேட்டிபிளும் வரும். பெருக்கிப் பார்த்தால் 33-க்குள்தான். இது மோசடியல்ல, ஆனால் விலையை அதற்கேற்பப் பேச வேண்டும். ஐஎஸ் 16046 என்ற பிஐஎஸ் முத்திரை லேபிளில் இல்லையென்றால் தொடவே வேண்டாம். கழற்றி மாட்டும் பேட்டரியானால் எடை போட்டும் பார்க்கலாம். 18650 என்ற உருளைச் செல் ஒன்று 45 கிராம் சுற்றி இருக்கும், நாலு செல் பேக் 180 கிராமுக்குக் குறைந்தால் உள்ளே இருப்பது வேறு ஏதோ.

கடையிலேயே செய்யக்கூடிய உறுதியான சோதனை ஒன்று உண்டு. மின்ட் பென் டிரைவில் லேப்டாப்பைக் கிளப்பி, பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸைத் திறந்து, முழுச் சார்ஜில் பேட்டரி எத்தனை வாட்-ஹவர் பிடிக்கும் என்று அது காட்டும் எண்ணைப் பாருங்கள். அந்த எண்ணைச் சிப்பில் பொய்யாகவும் எழுதி வைக்கலாம் என்பதால் அதோடு நிற்காதீர்கள். ரேட் (பேட்டரி செலவாகும் வேகம்) 10 வாட் சுற்றி நிற்கும்படி ஒரு வீடியோவை ஓடவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். 33 வாட்-ஹவர் பேட்டரி அதில் 15 சதவீதம் இறங்கலாம். 25 இறங்கினால் உள்ளே இருப்பது 20 வாட்-ஹவர்தான். மின்ட்டின் மீட்டரும் பிழை செய்யும் என்பதால் ஓரிரு சதவீதத்துக்குச் சண்டை போட வேண்டாம். 40-இலிருந்து திடீரென்று 5-க்குத் தாவினால் மட்டும் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். ஜிஎஸ்டி வந்த 2017-க்குப் பிறகு வாளையாரின் இருபுறமும் வரி ஒன்றே. பாலக்காட்டில் வாங்கினாலும் கோவையில் வாங்கினாலும் பார்க்க வேண்டியது மாற்றித் தருவார்களா என்பதுதான், பில்லில் மாடல் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது வழிக்காரர்களும் இந்தப் பேட்டரிக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. 2018-இல் வந்த, 8-ஆம் தலைமுறை ப்ராசஸருள்ள திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: விண்டோஸ் 11 முறையாக ஏறும், இரண்டு டிடிஆர்4 ஸ்லாட், உள்ளே ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு பேட்டரி. விண்டோஸ் தேவைப்படுபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் செகண்ட் ஹேண்டில் வரும் டி480-இன் பேட்டரிகளுக்கும் வயதாகியிருக்கும், கடைக்காரர் சொல்லும் விலையோடு புதுப் பேட்டரி விலையையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். அப்படிக் கூட்டும்போது, பேட்டரி கிடைக்கும் பழைய லேப்டாப்பைத் தேற்றுவது பெரும்பாலும் பாதிச் செலவில் முடிகிறது.

மாட்டும்போது சில கவனங்கள். பயாஸில் (லேப்டாப் கிளம்பும்போதே திறக்கும் அமைப்புப் பக்கம்) உள் பேட்டரியை டிஸேபிள் செய்யும் வசதி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கனெக்டரை விடுவித்தபின் பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஸ்க்ரூக்களை எடுத்த இடத்து வரிசையிலேயே வையுங்கள். நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் கீபோர்டு அடியிலோ போர்டிலோ குத்தும். ரேமை 30 டிகிரி சாய்வில் செருகி, க்ளிக் கேட்கும்வரை கீழே அழுத்துங்கள். திறந்த கையோடு ஃபேன் தூசியையும் எடுத்துவிடுங்கள், பேட்டரிக்கு அது சேர்க்கும் ஆயுள் சின்னதல்ல.

மாட்டியபின் முதல் வேலை சார்ஜ் வரம்பு. திங்க்பேடில் டிஎல்பி என்ற லினக்ஸ் கருவி வழியாக, டெல்லில் வசதி இருந்தால் பயாஸிலேயே, 80 சதவீதத்தில் நிறுத்தும்படி வைத்துவிடுங்கள். வெளியூர் போகும் நாளில் மட்டும் 100. டச்பேட் மேலெழும்பினாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். அன்றே அணைத்துக் கழற்றுங்கள். கத்தி வைத்து நெம்பாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைத்துவிடுங்கள்.