பயாப்ஸி முடிவு முழுதாக வரும் முன்பே இரைப்பையை எடுத்துவிட்டார்கள்: உங்கள் வீட்டில் இது நடக்க விடாதீர்கள்

வயிற்றில் கட்டி, கேன்சர், உடனே ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "இது எந்த வகை கேன்சர் என்று பயாப்ஸியில் உறுதியாகிவிட்டதா?" என் அக்காவுக்கு உறுதியாகவில்லை. அதற்குள் அவருடைய இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகுதான் அது லிம்போமா என்று தெரிந்தது. நிணநீர் செல்களில் தொடங்கும் அந்தக் கேன்சர் இரைப்பையில் வந்தால் முதல் சிகிச்சை கத்தி இல்லை, மருந்து.

அக்காவுக்குக் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், எடையும் குறைந்துகொண்டே வந்தது. எண்டோஸ்கோபியில் பெரிய புண் ஒன்றும் அதைச் சுற்றித் தடிப்பும் தெரிந்தன. சதை எடுத்து அனுப்பினார்கள். வந்த ரிப்போர்ட்டில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி, கேன்சர் செல்கள் இருக்கின்றன. இரண்டாவது வரி, வகையைச் சொல்ல இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி பரிசோதனை தேவை. இந்த இரண்டாவது வரியை யாரும் எங்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. "கேன்சர்தாம்மா. தள்ளிப்போட்டா பரவிடும், இந்த வாரமே எடுத்துடலாம்" என்றார் அறுவை மருத்துவர். வேறு ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாமா என்று அக்கா கேட்டார். "அதுக்குள்ள கைமீறிப் போயிட்டா நான் பொறுப்பில்லை" என்று பதில் வந்தது. பயந்து போயிருக்கும் நோயாளியிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? அதன் பிறகு அக்கா எதையுமே கேட்கவில்லை.

இரைப்பையில் வரும் கேன்சரில் மிகப் பெரும்பாலானவை அடினோகார்சினோமா, அதாவது உள் சவ்வின் சுரப்பி செல்களிலிருந்து வருபவை. லிம்போமா வெகு சிலருக்குத்தான் வரும். ஆனால் சாதாரணச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது சில சமயம் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சிடி20 போன்ற புரதங்கள் செல்லில் இருக்கின்றனவா என்று பார்க்கும் அந்த இம்யூனோ பரிசோதனைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும். அதற்குச் சில நாட்கள் ஆகும். குடல் ஓட்டையானாலோ, ரத்தப்போக்கு நிற்காமல் இருந்தாலோ அது அவசரம், காத்திருக்க முடியாது. அக்காவுக்கு இரண்டுமே இல்லை.

காத்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரைப்பை லிம்போமாவுக்கு ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் ஆபரேஷன்தான் செய்தார்கள். 2004-ல் மெக்சிகோவிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. அக்காவுக்கு வந்த அதே வேகமாக வளரும் பி-செல் (ஒரு வகை நிணநீர் செல்) லிம்போமா, ஆரம்ப நிலையில் இருந்த 589 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவாகப் பிரித்துச் சிகிச்சை கொடுத்தார்கள். பத்து ஆண்டு உயிர்வாழ்வு, ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 54 சதவீதம், ஆபரேஷனோடு கதிர்வீச்சும் கொடுத்தவர்களில் 53 சதவீதம். ஆபரேஷனும் கீமோவும் சேர்ந்து 91. கீமோ மட்டும் 96. இரைப்பையை எடுத்தவர்களுக்கு எடுத்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. இப்போது அந்தக் கீமோவோடு ரிட்டுக்ஸிமாப் மருந்தையும் சேர்த்து ஆர்-சாப் என்று கொடுக்கிறார்கள். மெதுவாக வளரும் இன்னொரு வகை உண்டு, மால்ட் லிம்போமா. அது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியால் வருவது. அந்தக் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையிலேயே ஆரம்ப நிலையில் உள்ளவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்குக் கட்டி கரைந்துவிடுகிறது. மாத்திரையில் போகக்கூடிய நோய்க்கு ஓர் உறுப்பையே இழக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்தும் கீமோ தேவைப்பட்டது. அதையும் உடனே தொடங்க முடியவில்லை. குடலை இணைத்துத் தைத்த இடத்தில் கசிவு வந்து, அது ஆறும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்று பயமுறுத்தியவர்களாலேயே உண்மையான சிகிச்சை தள்ளிப்போனது. இதைக் கேட்டபோது, "கட்டியை எடுத்தாச்சு, நல்லதுதானே" என்றார்கள். ஆபரேஷனுக்கு முன் அவர்கள் சொன்ன "வெற்றி" சதவீதம் என்ன கணக்கு என்றும் கேட்டேன். நோயாளி உயிரோடு டிஸ்சார்ஜ் ஆவதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. யாராவது சதவீதம் சொன்னால், எந்த வகை நோய்க்கு, எந்த நிலையில், எத்தனை வருடத்துக்கு என்று மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

இதைப் படித்துவிட்டு ஆபரேஷனே கூடாது என்று யாரும் முடிவெடுத்துவிட வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அடினோகார்சினோமா என்றால், பெருங்குடல் கேன்சர் என்றால், குணமாக்குவதில் ஆபரேஷனுக்குத்தான் பெரிய பங்கு. அதில் பயந்து தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அங்கேயும் வரிசை முக்கியம். 2006-ல் வெளியான மேஜிக் ஆய்வில் இரைப்பை கேன்சருக்கு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கீமோ கொடுத்தபோது ஐந்து ஆண்டு உயிர்வாழ்வு 36 சதவீதம், நேரே ஆபரேஷன் மட்டும் என்றால் 23. லிம்போமாவிலும் குடல் அடைத்துக்கொண்டால், ஓட்டை விழுந்தால் அறுவைதான் உயிரைக் காக்கும். நான் குறை சொல்வது கத்தியை இல்லை. வகை தெரியாமல் கத்தியை எடுத்ததைத்தான்.

ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி, கடைசி வரி வரை நீங்களே படியுங்கள். "மேலும் பரிசோதனை தேவை" என்ற பொருளில் ஏதாவது இருந்தால் அது முடியட்டும். பயாப்ஸி ஸ்லைடையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் வாங்கி வேறொரு நோயியல் நிபுணரிடம் காட்டலாம், மறுபடி சதை எடுக்க வேண்டியிருக்காது. அறுவை மருத்துவர் மட்டும் முடிவு செய்தாரா, கீமோ மருத்துவரும் பார்த்தாரா என்று கேளுங்கள். அப்புறம், லிம்போமா சந்தேகம் இருந்தால் பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுக்கிறார்களா என்று பாருங்கள். அந்த மருந்தில் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, வகை தெரியாமலே போய்விடலாம்.

அக்கா கீமோ முடித்துவிட்டார், பெட் ஸ்கேனில் இப்போது எதுவும் இல்லை. ஆனால் ஒரு நேரச் சாப்பாட்டைப் பல வேளையாகப் பிரித்துத்தான் சாப்பிட முடிகிறது. இனிப்பு கொஞ்சம் கூடினால் படபடப்பும் வியர்வையும் வந்து படுத்துவிடுகிறார். டிஸ்சார்ஜ் தாளில் பி12 வைட்டமின் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதைச் சொன்னவர் பிறகு பார்த்த கீமோ மருத்துவர்தான். உணவிலிருந்து பி12 உடலில் சேர இரைப்பை சுரக்கும் ஒரு பொருள் வேண்டும், அது இனி அவருக்குச் சுரக்காது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருடங்கள் தாங்கும் என்பதால் குறைபாடு உடனே வெளியே தெரியாது. தெரியும்போது நரம்பு பாதித்திருக்கலாம், அந்தப் பாதிப்பு முழுதாகச் சரியாகாமலும் போகலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இரைப்பையை முழுதாக எடுத்திருந்து, பி12 ஊசி போடச் சொல்லவில்லை என்றால், இந்த வாரமே மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் அளவுகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.